பத்துக்கு நாலரை

ஐந்து வருடம் நான் ஆணாக இருந்தேன். சென்னையிலிருந்து நடக்கும் ஒரு தமிழ் இணையதளத்தில் வீடியோ கேம் விமர்சனம் எழுதினேன். புனைபெயரில் கொஞ்சம் ஆம்பளை வாடை இருந்தது, அதை நான் திருத்தவில்லை. கமெண்ட் போடுகிறவர்கள் "அண்ணே" என்றார்கள். திட்டுகிறவர்கள் "யோவ்" என்றார்கள். தாடி வளர்த்து, கல்யாணம் பண்ணாமல், பகலெல்லாம் தூங்கும் ஒருத்தனை மனதில் வைத்திருந்தார்கள் போல. நிஜத்தில் நான் கொடைக்கானலில் ஒரு உறைவிடப் பள்ளியின் ஆபீஸில் வேலை பார்க்கும் முப்பத்தெட்டு வயதுப் பெண். அட்டுவம்பட்டியில் மாமியார், கணவர், நாத்தனார் என்று நிறைந்த வீடு.

விமர்சகராக எனக்கு நல்ல பெயர், அதாவது கெட்ட பெயர். பத்துக்கு ஏழுக்கு மேல் யாருக்கும் மார்க் போட்டதில்லை. போட்ட மார்க்கை மாற்றியதுமில்லை. ஆரவாரமாக வந்த ஒரு கேமுக்கு, "கதாநாயகனைவிடக் கதவுகள் நன்றாக நடிக்கின்றன" என்று எழுதி இரண்டரை போட்டேன். அந்த வரியை இன்னும் சிலர் எடுத்துப் போட்டுச் சிரிக்கிறார்கள். நானும் தனியாக இருக்கும்போது ஓரிரு முறை எடுத்துப் படித்ததுண்டு.

வீட்டில் யாருக்கும் இது தெரியாது. படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஹெட்போன் மாட்டினால் "ஸ்கூல் வேலை" என்று அர்த்தம். முதலில் கூச்சத்தில் மறைத்தேன். வாழ வந்த வீட்டில், மருமகள் சாயங்காலம் உட்கார்ந்து திரையில் ஆட்களைக் குத்திக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தால் நன்றாகவா இருக்கும்? போகப் போகக் கூச்சம் விட்டுப்போய், மறைப்பதே பிடித்துப்போனது. யாரும் என்னை மதினி என்றோ மருமகளே என்றோ கூப்பிடாத இடம் அது ஒன்றுதான். அங்கே வாயைத் திறந்தால் நெருப்பாக வரும். வீட்டில் வாயே திறப்பதில்லை. குழம்பு எப்படி என்றால் நல்லாருக்கு. புதுச் சேலை நல்லாருக்கு. சுவருக்கு அடித்த அந்தப் பச்சை பெயின்ட்கூட நல்லாருக்கு. "எம் மருமக தங்கம், ஒரு குத்தம் சொல்ல மாட்டா" என்று மாமியார் தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

நாத்தனாருக்கு இருபத்தொன்பது வயது. கோயம்புத்தூரில் அனிமேஷன் படித்துவிட்டு, அங்கேயே ஒரு கம்பெனியில் இரண்டு வருடம் பல் துலக்கும் கரடி வரைந்தாள். கரடி வெறுத்துப்போய் ஊருக்குத் திரும்பி, மாடி அறையில் உட்கார்ந்து சொந்தமாக ஒரு கேம் செய்யப்போவதாகச் சொன்னாள். நாலு வருடமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். என் கணவர் மன்னவனூரில் கேரட்டும் பூண்டும் ஏற்றிக்கொண்டு வத்தலக்குண்டுக்கு வண்டி ஓட்டுகிறவர். போட்ட விதை மூன்று மாதத்தில் மூட்டையாக வேண்டும் என்று நினைக்கிற மனிதர். நாலு வருடமாகியும் அறுப்புக்கு வராத விவசாயம் அவருக்குப் புரியவே இல்லை.

போன மாசியில் ஒருநாள் சாப்பிடும்போது அண்ணனும் தங்கையும் மோதிக்கொண்டார்கள்.

"நாலு வருசமா பொம்ம வரையிற. அது நல்லதா கெட்டதான்னு சொல்ல ஒரு ஆளு வேணாமா?" என்றார் கணவர்.

"ஒருத்தரு இருக்காருண்ணே" என்ற நாத்தனார், என் புனைபெயரைச் சொன்னாள். "அவரு ஒருத்தருதான் மொகத்தப் பாக்காம எழுதுவாரு. அவரு நல்ல கேமுன்னு எழுதிட்டா, நீ அதுக்கப்புறம் இதப் பத்தி வாயே தொறக்கக் கூடாது."

"எழுதலன்னா?"

"மதினி ஸ்கூல்ல டிராயிங் டீச்சர் வேலை காலியாத்தான கெடக்கு. ஜூன்ல சேந்துர்றேன். மேல ரூமக் காலி பண்ணித் தர்றேன், நீ பூண்டு மூட்டைய அடுக்கிக்க."

எனக்கு ரசம் புரையேறியது. மாமியார் என் தலையில் தட்டி, "யாரோ நெனைக்கிறாங்க" என்றார்.

டிராயிங் டீச்சர் வேலை ஒன்றும் தூக்குத்தண்டனை இல்லை. ஊரில் எத்தனையோ பேர் அந்த மாதிரி ஒரு வேலைக்குத் தவம் கிடக்கிறார்கள். ஆனால் நாத்தனாரை எனக்குத் தெரியும். விட்டதைத் திரும்பத் தொடுகிற ஆள் இல்லை அவள். பூண்டு மூட்டை மாடிக்கு ஏறிவிட்டால் பேனாவை மூடி வைத்துவிடுவாள், அவ்வளவுதான். அவள் அண்ணனும் அதேதான், சொன்னால் சொன்னதுதான். இரண்டு பேரும் சேர்ந்து நாலு வருடத்தைத் தூக்கி, முகம் தெரியாத ஒரு தாடிக்காரன் கையில் கொடுத்துவிட்டு, மோர் ஊற்றிச் சாப்பிட்டார்கள்.

மூன்று வாரம் கழித்து இணையதளத்தின் ஆசிரியர் எனக்கு ஒரு கேமை அனுப்பினார். "கார்ட்டூன் மாதிரி வரைஞ்ச சண்டை கேம். பேரு மலைச்சண்டை. உங்க ஊருப் பக்கம் போல. வழக்கம்போலக் கிழிச்சிடுங்க" என்று குறிப்பு. நியாயமாக நான், "இதைச் செய்தவள் என் நாத்தனார், வேறு யாருக்காவது கொடுங்கள்" என்று அன்றைக்கே பதில் போட்டிருக்க வேண்டும். போடத்தான் நினைத்தேன். ஆனால் வேறு ஆள் என்றால் அங்கே இருந்தது எல்லாவற்றுக்கும் எட்டு போடும் ஒரு தம்பி. பந்தயமோ என் பெயரில். இதெல்லாம் சாக்கு என்பது எனக்கே தெரியும். சொல்ல வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்: சொந்த நாத்தனாருக்குக்கூட முகம் பார்க்காமல் மார்க் போடும் நீதிமான் நான் என்று எனக்கு நானே காட்டிக்கொள்ள ஆசையாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாமியாரும் கணவரும் பெரியகுளத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். நான் ஸ்கூல் வேலை என்று கதவைச் சாத்தினேன். மாடியில் நாத்தனார் நடப்பது தலைக்கு மேலே கேட்டது. கீழே நான் அவளுடைய ஆட்களை அடிக்க ஆரம்பித்தேன்.

சண்டை கேம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. மேடை நாடகம் பார்ப்பதுபோல் பக்கவாட்டில் பார்க்கிறோம். இரண்டு பேர் எதிரெதிரே நிற்பார்கள். இடது, வலது, குதி, குனி, அடி. ஒவ்வொருவர் பெயருக்குப் பக்கத்திலும் ஒரு கோடு. அடிபட அடிபடக் கோடு தேயும். தீர்ந்தால் ஆள் காலி. கேட்கச் சின்னப்பிள்ளை விஷயமாகத்தான் இருக்கும். ஆனால் கையிலிருக்கும் கன்ட்ரோலரில் பட்டனை அழுத்துவதற்கும் கை ஓங்குவதற்கும் நடுவில் ஒரு இமைப்பொழுது தாமதம் இருந்தாலும் விரலுக்குத் தெரிந்துவிடும். அதைப் பார்ப்பதுதான் என் தொழில்.

மலைச்சண்டையில் ஏழு பேர். எல்லாரும் நம் ஆட்கள். ஏரிக்கரைக் குதிரைக்காரர் கடிவாளத்தைச் சுழற்றி அடிப்பார். குதிரை மட்டும் கடைசிவரை ஒரு அடி நகராது. மக்காச்சோளம் சுடுகிறவள் விசிறியால் தணலைப் பறக்கவிடுவாள். மூன்று ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவும் போட்ட டூரிஸ்ட் ஒருவர், எத்தனை அடித்தாலும் துணிதான் அடிவாங்கும். மன்னவனூர் ஆட்டுக்காரர் ஒருவர். பூண்டு மூட்டையைத் தூக்கி எறியும் வண்டிக்காரர் ஒருவர். சமையலறைக்குள்ளிருந்தே கரண்டியை மட்டும் வீசும் ஒரு மாமியார். முகமே வெளியே வராது, குரல் மட்டும் வரும். அந்தக் குரலைக் கேட்டதும் தன்னிச்சையாக எழுந்து நின்றுவிட்டேன். அவள் வரைந்த கோடுகளெல்லாம் நனைந்த மை மாதிரி தடித்து உயிரோடு இருந்தன. பின்னால் பனிமூட்டம் ஏறி இறங்கியது. எங்கே வரைந்தாள், எப்போது கற்றாள் என்று ஆச்சரியமாக இருந்தது. பெருமையாகவும் இருந்தது. அதை அடக்கிக்கொண்டு ஆடினேன்.

ஏழாவது ஆள் ஒரு பெண். குடை, தோளில் ஆபீஸ் பை, கையில் போன். அவள் அடிக்கவே மாட்டாள். எதிராளி எதைச் செய்தாலும் போனிலிருந்து கண்ணை எடுக்காமல் "நல்லாருக்கு" என்பாள். உடனே எதிராளியின் கோடு பாதியாகிவிடும். கேமிலேயே பயங்கரமான அடி அதுதான், தடுக்கவே முடியாது. நான் இரண்டு முறை அதில் செத்தேன். பிறகு விமர்சனக் குறிப்பில் எழுதினேன்: "குடைக்காரிப் பாத்திரம் மிகை. இப்படி ஒரு மனுஷி இருக்க முடியாது."

ஒரு பெரிய குறை இருந்தது. குதித்தால் ஆள் இறங்க நேரமாகிறது. கொடியில் காயப்போட்ட துணி மாதிரி மேலேயே தொங்குகிறது. ஐந்தே நிமிடத்தில் அதைக் கண்டுபிடித்துவிட்டேன். இறங்கும் அசைவுக்கு வரைந்ததில் மூன்று படம் அதிகம். சண்டை கேமில் மூன்று படம் என்பது சோற்றில் கல். ஒரு கவளத்துக்கு ஒன்று வந்தால் எத்தனை கவளம் தின்பது?

கடைசிச் சண்டை காட்டுமாட்டோடு. பனிக்குள்ளிருந்து மெதுவாக வந்தது. அந்தத் திமில், அந்த வெள்ளைக் கால்கள், எல்லாம் அச்சு அசல். நான் டீ கிளாஸை எடுத்துக்கொண்டேன். அது என் பக்கம் மூக்கை நீட்டியது, பெருமூச்சு விட்டது, தலையைத் திருப்பிக்கொண்டு திரைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. பனி விலகியது. நான் ஜெயித்துவிட்டதாக எழுத்து வந்தது. எனக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. இத்தனை ஆட்களை வரைந்தவளுக்குக் கடைசியில் அலுத்துவிட்டது போலும் என்று நினைத்தேன். "கடைசி எதிரி சண்டையே போடாமல் நடந்து போய்விடுகிறது. முடிவு எழுதாமல் பேனாவை வைத்துவிட்ட கதை இது" என்று எழுதினேன். பத்துக்கு நாலரை.

அனுப்பிய பிறகு மனசு லேசாக இருந்ததை மறைக்க மாட்டேன். கடமையைச் செய்துவிட்டேன் அல்லவா? ராத்திரிச் சாப்பாட்டில் நாத்தனாருக்கு இரண்டு அப்பளம் அதிகமாக வைத்தேன்.

வெள்ளிக்கிழமை விமர்சனம் வெளியானது. நாத்தனார் போனை வைத்துக்கொண்டு அடுப்பங்கரையில் நின்றபடியே முழுதும் சத்தமாகப் படித்தாள். என் வரிகளை அவள் குரலில் கேட்டேன். எழுதும்போது சுருக்கென்று இருந்த வரிகள் எல்லாம் அவள் வாயில் வேறு மாதிரி கேட்டன. நாலரை என்று வந்தபோது கணவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை.

"சரி விடு" என்றார். "ஜூனுக்கு இன்னும் நாளு இருக்கு."

"ம்" என்றாள்.

"அந்தாளு கெடக்கான், வெளங்காதவன்" என்றார் மாமியார். "எம் புள்ள வரைஞ்சதுக்கு நாலரையாம். அவன் வீட்டுப் பொம்பளைக எப்படித்தான் சோறு போடுறாளுகளோ."

நான் அவருக்குச் சோறு போட்டேன்.

சனிக்கிழமை கமெண்ட்டுகள் வர ஆரம்பித்தன. வழக்கம்போல என்னைப் பாராட்டுவார்கள் என்று திறந்தேன். தூத்துக்குடியிலிருந்து ஒருவர், "அண்ணே, காட்டுமாட்டுகிட்ட முப்பது தடவை செத்துட்டேன். நீங்க எப்படி ஜெயிச்சீங்க?" என்று கேட்டிருந்தார். சேலத்துக்காரர் ஒருவர் எட்டு விதமாக அடித்துப் பார்த்தாராம், ஒரே முட்டில் காலியாம். சென்னையில் ஒருவர், இந்த மாட்டை யாராலும் ஜெயிக்க முடியாது, அண்ணன் கேமை முழுசாக ஆடாமலே எழுதிவிட்டார் என்று சத்தியம் பண்ணியிருந்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. சண்டையே போடாத மாட்டோடு இவர்கள் என்னத்தைப் போராடுகிறார்கள் என்று போனை மூடிவிட்டேன்.

திங்கட்கிழமை காலை வெள்ளனே வேலைக்குக் கிளம்பினேன். எங்கள் தெரு மெயின் ரோட்டில் சேரும் வளைவில் காட்டுமாடு ஒன்று நின்றுகொண்டிருந்தது. வாரத்துக்கு இரண்டு நாள் நடப்பதுதான். பால்காரர் வண்டியை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். விறகுக்கட்டோடு ஒரு அம்மா நின்றுகொண்டிருந்தார். நானும் குடையை மடக்கிக்கொண்டு நின்றேன். எதிர்ப்பக்கம் வெளியூர் கார் ஒன்று வந்து ஹாரன் அடித்தது. மாடு தலையைத் தாழ்த்தியது.

பால்காரர் குரலை உயர்த்தாமலே சொன்னார்: "சார், ஹாரன் அடிக்காதீங்க. இன்ஜினையும் ஆஃப் பண்ணிருங்க. சும்மா இருங்க."

"எவ்ளோ நேரங்க?"

"அதுக்கு எப்பத் தோணுதோ அப்ப. அது சோலியப் பாத்துட்டு அதுவாப் போயிரும். நம்ம அசைஞ்சாத்தான் வம்பு."

யாரும் அசையவில்லை. மாடு மூக்கை நீட்டியது, பெருமூச்சு விட்டது, தலையைத் திருப்பிக்கொண்டு சரிவில் இறங்கிப் போய்விட்டது. பால்காரர் வண்டியை உதைத்தார். விறகுக்கார அம்மா நடந்தார். நான் மட்டும் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

கேம் ஆடிய அந்த ஞாயிற்றுக்கிழமை நான் கன்ட்ரோலரைக் கீழே வைத்திருந்தேன். திரையில் மாடு வந்ததும் என் கை தானாக அதைக் கீழே வைத்துவிட்டு டீ கிளாஸை எடுத்திருக்கிறது. பத்து வருடத்துக்கு மேல் இந்த வளைவில் நின்ற உடம்பு, படத்தில் வந்த மாட்டுக்கும் நின்றுவிட்டது. ஏழு பேரை அடித்துத் துவைக்கச் சொல்லிக்கொடுத்துவிட்டு, கடைசியில் ஒரு பட்டனையும் தொடாதவனுக்குத்தான் வெற்றி என்று வைத்திருக்கிறாள். நான் ஐந்து வருடத்தில் ஆடிய எந்தச் சண்டை கேமிலும் அப்படி ஒரு முடிவு கிடையாது. அதைத்தான் முடிவே எழுதவில்லை என்று எழுதி நாலரை போட்டேன். அவளும் எங்கேயும் ஒரு குறிப்புக்கூட வைக்கவில்லை, மாட்டைக் கண்டால் நிற்க வேண்டும் என்பது உலகத்துக்கே தெரியும் என்ற நினைப்பில். அவள் உலகம் அட்டுவம்பட்டியோடு முடிந்துவிட்டது. என்னுடையதும்தான்.

ஆபீஸில் அன்றைக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. மார்க்கைத் திருத்தலாம். ஏன் திருத்துகிறாய் என்று வாசகர்கள் கேட்பார்கள். எனக்கு மட்டும் நிற்கத் தெரிந்தது எப்படி என்று சொல்ல வேண்டும். சொன்னால் ஊர் தெரியும். ஊர் தெரிந்தால் ஆள் தெரிய எத்தனை நாள்? திருத்தாமல் விட்டால் ஜூனில் பூண்டு மூட்டை ஏறும். வாசகர்களுக்குக் கற்றுக்கொடுத்த நேர்மை இப்போது என் வீட்டு வாசலில் வந்து நின்றுகொண்டது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், நாத்தனார் ஸ்வெட்டர் போட்டு, மஃப்ளர் சுற்றிக்கொண்டு செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். கண்ணில் ஒரு வெளிச்சம் இருந்தது.

"மதினி, அந்தாளு யாருன்னு கண்டுபிடிச்சிட்டேன்" என்றாள். "நம்ம ஊருதான். ஊரே செத்துட்டு இருக்கு, அவரு மட்டும் மாட்டத் தாண்டிட்டாரு பாருங்க. நின்னிருக்காரு மதினி. நின்னது அவருக்கே தெரியல. மலைக்காரங்களுக்குத்தான் அந்தப் பழக்கம்."

"சரி, யாரு?" என்றேன்.

"பஜார்ல கம்ப்யூட்டர் சர்வீஸ் கட வச்சிருக்காருல்ல, அந்த பாய். போன மாசம் என் லேப்டாப்பப் பாத்துட்டு, 'இதுக்கு நீங்க ஒரு சிலேட்டு வாங்கிருக்கலாமே'ன்னு கேட்டாரு. எழுத்து அப்படியே அவரு வாயி. இப்பப் போயிக் கேக்கப் போறேன். மார்க்க மாத்துங்கன்னு சொல்ல மாட்டேன். நீங்க நின்னீங்கன்னு மட்டும் சொல்லிட்டு வந்துருவேன்."

அந்த பாய் பாவம், கேம் எதுவும் ஆடாத மனிதர். இவள் போய்க் கடையில் நாலு பேர் முன்னால் நின்று பேசினால் மானம் போகும். சொல்வதா மறைப்பதா என்று அதுவரை போட்டு வைத்திருந்த கணக்கெல்லாம் காற்றில் போய்விட்டது.

"அது பாய் இல்ல" என்றேன்.

"பின்ன?"

"நான்தான்."

சிரித்தாள். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினாள். போனைத் திறந்து ஆசிரியர் அனுப்பியிருந்த குறிப்பைக் காட்டினேன். படித்தாள். மேலே தள்ளி, அதற்கு முந்தியதைப் படித்தாள். அதற்கும் முந்தியதைப் படித்தாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, மஃப்ளரை மெதுவாகப் பிரித்து மடித்தாள்.

"அந்தக் குடைக்காரி மிகைன்னு எழுதியிருந்தீங்க" என்றாள். "இப்பச் சொல்லுங்க மதினி. எப்படி இருக்கா அவ?"

ஆயிரம் சொல் எழுதத் தெரிந்தவள் நான். அந்த நேரத்தில் என் வாயிலிருந்து வந்தது ஒன்றே ஒன்றுதான். "நல்லாருக்கு" என்றேன். சொன்ன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. அவள் மாடிக்குப் போய்விட்டாள்.

அன்றைக்கே திருத்தம் எழுதினேன். நான் எங்கே வாழ்கிறேன், ஏன் நின்றேன், கடைசிச் சண்டை இந்தக் கேமின் ஆகச் சிறந்த இடம், அதை நான் கண்ணால் பார்த்தும் காணவில்லை என்று எல்லாவற்றையும் எழுதினேன். குதிப்பைப் பற்றிய குறையை எடுக்கவில்லை, அது குறைதான். ஏழு போட்டேன். எழுதியவள் செய்தவளுக்கு மதினி என்பதையும் மறைக்கவில்லை. ஆசிரியர் ரொம்ப மரியாதையாகப் பதில் போட்டார். உறவுக்காரர் எழுதியதை வைத்திருக்க முடியாது, நாலரையையும் எடுக்கிறோம், ஏழையும் எடுக்கிறோம், இனி உங்கள் இடத்தில் அந்தத் தம்பி எழுதுவார் என்றார். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

மறுநாள் சாப்பாட்டில் விஷயம் முழுதும் வெளியே வந்தது. மாமியார் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை தான் திட்டியது ஞாபகம் வந்திருக்க வேண்டும். கணவர் தட்டை நகர்த்தி வைத்தார்.

"அந்த ஏழு செல்லாது" என்றார். "வீட்டு ஆளு போட்ட மார்க்கு."

"ஏலே, அப்ப நாலரை போட்டதும் இவதான?" என்றார் மாமியார். "அது மட்டும் எப்படிச் செல்லும்?"

"அதுவும் செல்லாதும்மா. ஆனா பந்தயம் என்ன? நல்ல கேமுன்னு ஒருத்தன் சொல்லணும். ஒருத்தனும் சொல்லலையே."

இதுதான் நான் செய்து வைத்த காரியம். யாரோ ஒருத்தனாக இருந்தவரை என் சொல்லுக்கு இந்த வீட்டில் அவ்வளவு மதிப்பு இருந்தது. நான்தான் அது என்று தெரிந்ததும், மதினி சொன்னது என்றாகி, குழம்பு நல்லாருக்கு என்ற கணக்கில் சேர்ந்துவிட்டது. நாத்தனார் நம்பிய ஒரே ஆளை நான் அவளிடமிருந்து எடுத்துவிட்டேன். உள்ளூர் மாடு விலைக்குப் போகாது என்பார்கள். போகவில்லை.

"விடுண்ணே" என்றாள் நாத்தனார். "நான் ஜூன்ல சேர்றேன்."

அன்றைக்கு மாடிப்படி ஏறினேன். பதினான்கு படி. கதவைத் தட்டினேன். அறை முழுக்கத் தாள்கள், சுவரில் எங்கள் எல்லாரின் முகமும் கோபமாக, சிரித்தபடி, அடிவாங்கி. அவள் ஒரு கன்ட்ரோலரை நீட்டினாள். பக்கத்தில் உட்கார்ந்து ஆடினேன். குதிரைக்காரரைக் குதிக்கவிட்டேன். தொங்கினார்.

"இதுல இறங்குறப்ப மூணு படம் அதிகம்மா" என்றேன். "மூணையும் எடுத்துட்டா ஒடனே தரையில நிப்பாரு. அடி வெரசா விழும். உன் கோடு இருக்கிற அழகுக்கு இந்தக் கேம் எங்கேயோ போயிரும்." இவ்வளவு நீளமாக நான் அந்த வீட்டில் பேசியதே இல்லை.

அவள் கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நீங்க சொல்றது சரிதான்" என்றாள். "இப்பப் பாத்தாத் தெரியுது. ஆனா மூணு எடுத்தாப் பத்தாது மதினி. ஏழு பேரோட எல்லா அடியும் இந்தக் குதிப்பு மேலதான் வரைஞ்சு வச்சிருக்கேன். இத மாத்துனா எல்லாத்தையும் முதல்ல இருந்து வரையணும். குதிப்பு வரைஞ்சது மூணு வருசம் முன்னாடி. அன்னைக்கு அதத் தூக்கிட்டு மொத ஆளா உங்ககிட்டத்தான் ஓடி வந்தேன். நீங்க பூண்டு உரிச்சிக்கிட்டே நல்லாருக்குன்னுட்டீங்க."

எனக்கு ஞாபகமில்லை. ஞாபகமில்லாததுதான் இன்னும் வலித்தது. மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல மதினி" என்றாள், நான் வழக்கமாகச் சொல்கிற அதே பதமான குரலில்.

பள்ளியில் வேலைக்கு வரும் விண்ணப்பங்களை முதலில் வாங்கிச் சரிபார்ப்பது என் மேஜையில்தான். மறுநாள் காலை நாத்தனார் பூர்த்தி செய்த தாளை என்னிடமே கொடுத்தனுப்பினாள். அழகான கையெழுத்து. பெயர், வயது, படிப்பு எல்லாம் சரியாக இருந்தன. "படம் வரைவதில் முன் அனுபவம்" என்ற இடத்தில் "இல்லை" என்று எழுதியிருந்தாள். ஒருவர் எழுதிக் கொடுத்ததைத் திருத்த எனக்கு அதிகாரம் கிடையாது. முத்திரை குத்தி, உள்ளே அனுப்பினேன்.